உள்பக்கத்துப் பட்டன்

எங்கள் சலவைக்கடையில் அவளை ஆரம்பத்தில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்களாம். பிறகு கொஞ்ச காலம் அக்கா. அப்புறம் நான் வேலைக்கு வராத ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்றபடியே, "அம்மா, என் கோட்டுக்குப் பட்டன் போட்டாச்சா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. முன்நெற்றியில் ஒரு கொத்து முடி சீக்கிரமே நரைத்துவிட்டது, அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். "நான் என்ன உங்களுக்கு அம்மாவா? பார்த்தா உங்களுக்கே பேரன் இருப்பான் போலிருக்கு!" என்று ஊசியை நீட்டிக் கேட்டிருக்கிறாள். அந்த ஆள் சிரித்துவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர் போகவில்லை. அன்றிலிருந்து அவள் பட்டனம்மா.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பு. பஸ்ஸில் இடம் கேட்டால் "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா", பெற்ற மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால் "வாம்மா", கால் விரலை மேசையில் இடித்துக்கொண்டால் அதற்கும் "அம்மா!" எங்கள் சபையில் கேட்கவே வேண்டாம். பாஸ்டர் மனைவி பாஸ்டரம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை டீச்சரம்மா, இவள் பட்டனம்மா. இதில் பிள்ளை பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லுக்கும் பெறுவதற்கும் எங்களிடையே ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த வினையெல்லாம் இதனால்தான் வந்தது.

நான் அந்தக் கடையில் இஸ்திரி மேசை. அவளுடைய மேசைக்கும் என்னுடையதற்கும் நடுவில் உறை போட்ட துணிகள் தொங்கும் கம்பி ஒன்று. கோட்டுகளுக்கு இடையில் முகத்தை நுழைத்துத்தான் பேசிக்கொள்வோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அக்காவாக இருந்த காலம், அதனால் நான் மட்டும் கடைசிவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் என்னை "ஏன்டி" என்பாள். மூக்கு நுனியில் கோபம் இருவருக்குமே உண்டு.

பட்டன் தைப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் அவள் எதிரில் கேட்டதில்லை. ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள். இரண்டு கண் பட்டன், நாலு கண் பட்டன், அடியில் வளையம் வைத்தது, துணி போர்த்தியது, தனித்தனியாக. நூலை மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தடவை இழுத்துக்கொள்வாள். பட்டனைத் துணியோடு ஒட்டித் தைக்கமாட்டாள்; கொஞ்சம் தூக்கித் தைத்து, அடியில் நூலைச் சுற்றிக் கழுத்து வைப்பாள். "கழுத்து இல்லாத பட்டன் மூச்சு விடாதுடி, மாட்டும்போதே அறுந்துடும்." பட்டன் இல்லாத சட்டையோடு ஒருத்தர் எதிரே வந்தால் அவளால் பேச்சில் கவனம் வைக்க முடியாது. பாஸ்டர் ஒருமுறை கைப்பட்டன் இல்லாமல் பிரசங்கம் செய்தார். இவள் அன்றைக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை. முடிந்ததும் நேராகப் போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

அவளிடம் இன்னொரு பழக்கம். பக்கத்துத் தெருக்காரர்கள் கோட்டுக்கு உபரிப் பட்டன் ஒன்று உள்ளே தைத்து வைக்கச் சொன்னால் வைக்கமாட்டாள். "எதுக்கு? அறுந்தா எடுத்துட்டு வாங்க, நான் இங்கேதானே இருக்கேன்." வெளியூர் போகிறவர்கள், இனி இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள், அவர்கள் துணிக்கு மட்டும் கேட்காமலேயே வைப்பாள். உள்பக்கம், இடது ஓரம், கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். "என்கிட்ட வர முடியாதவங்களுக்குத்தான் அது" என்பாள். அதற்குத் தனிக் காசும் வாங்கமாட்டாள். முதலாளிக்கு இதில் வருத்தம் உண்டு.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "நல்லா இருந்தவன் கேக்கல, கேட்டவன் நல்லா இல்ல" என்று முடித்துவிடுவாள். தம்பி குடும்பத்தோடு இருந்தாள். அவளுக்கென்று ஓர் அறை உண்டு, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அந்த வீட்டு ஃபிரிட்ஜும் அந்த அறையில்தான் இருந்தது. தண்ணீர் வேண்டும், பால் வேண்டும், ஐஸ் வேண்டும் என்று எல்லோரும் கதவைத் தட்டாமல் வந்துபோவார்கள். தம்பி பிள்ளைகளுக்கு அவள் அத்தை. நல்ல பிள்ளைகள்தான், மரியாதையான பிள்ளைகள். ஆனால் அவர்கள் அம்மா வேலையிலிருந்து வர நேரமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார்கள், அத்தை வர நேரமானால் சாப்பிட்டுவிட்டு டிவி பார்ப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் எங்கள் சபையிலிருந்து வெளிநாட்டில் உள்ள ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பரிசுப் பெட்டிகள் போகும். வீட்டுக்கு ஒரு பெட்டி. ஆணா பெண்ணா, என்ன வயசு, எவ்வளவு உயரம் என்று மட்டும் சொல்வார்கள். பென்சில், சாக்லேட், விளையாட்டுச் சாமான், குளிருக்கு ஏதாவது ஒரு துணி. பொறுப்பு டீச்சரம்மா கையில். அவர் ரிட்டையர் ஆகிப் பல வருஷமாயிற்று, ஆனால் அந்தச் செய்தி அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பெட்டிகளை மேசையில் அடுக்கவைத்து, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக மோப்பம் பிடிப்பார்.

அந்த வருஷம் பட்டனம்மாவுக்கு வந்தது ஏழு வயதுப் பெண்பிள்ளை. கடையில் யாரும் வாங்க வராமல் கிடந்த ஒரு பெரிய ஆளின் கம்பளிக் கோட்டு இருந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்து, பிரித்து, வெட்டி, நீல லைனிங் வைத்துச் சின்னக் கோட்டாகத் தைத்தாள். சிவப்புப் பட்டன், வளையம் வைத்தது. கை மட்டும் கொஞ்சம் நீளம். "வளர்ற பிள்ளைடி, மடிச்சு விட்டுக்கட்டும்." மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கண்ணசரும் நேரமெல்லாம் அவள் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மா கோட்டைத் தூக்கிப் பார்த்தார். "புதுசு மட்டும்தான் அனுப்பணும்னு சொல்லியிருந்தேனே."

"புதுசுதான் டீச்சரம்மா. போன வாரம்தான் பொறந்துச்சு."

"துணி பழசு."

"நீங்களும் நானும் மட்டும் என்ன புதுசா?" என்றாள் இவள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டோம். டீச்சரம்மா லைனிங்கைத் திருப்பிப் பார்த்தார், தையலைப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் பெட்டியில் வைத்துவிட்டார்.

பெட்டிக்குள் ஒரு வாழ்த்து அட்டையும் வைக்கவேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் பாஸ்டர் தன் போனில் போட்டு அந்தப் பிள்ளைகள் பேசும் மொழிக்கு மாற்றி, அடியில் அச்சடித்து ஒட்டிவிடுவார். அந்த மொழி எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது, பாஸ்டர் உட்பட. போன் சொன்னால் வேதவாக்கு. இவள் எழுதியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம், ஏனென்றால் எழுதும்போது என்னிடம் வாசித்துக் காட்டினாள். "செல்லத்துக்கு. குளிர்ல வெளியே போனா இந்தக் கோட்டைப் போட்டுக்கோ. நல்லா சாப்பிடு. ஒழுங்கா படி. அன்புடன், அம்மா." நானும் சரிதான் என்றேன். நம் காதில் அது எப்படித் தப்பாக விழும்? ஜெபம் பண்ணிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினோம். அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

அங்கே குளிர் கடுமையாக இருந்த சமயத்தில் அந்த இல்லத்தின் பொறுப்பாளர் பெண்மணி பாஸ்டருக்குப் போன் செய்தார். இருவருக்கும் நடுவில் ஆங்கிலம். இங்கிருந்து போன ஒரு பெட்டி ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. அவள் பெட்டியைத் திறந்து அட்டையைப் படித்துவிட்டு மறுபடி மூடிவிட்டாளாம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். ஏன் என்றால், "எங்கம்மா அனுப்பியிருக்காங்க. சீக்கிரம் வருவாங்க" என்கிறாளாம். கைக்குழந்தையாக அந்த இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை. பெற்றவள் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பொறுப்பாளர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்: உங்கள் சபையில் உள்ள அந்த அம்மாள் உண்மையிலேயே இவளுடைய தாயா?

பாஸ்டர் நல்ல மனுஷர், ஆனால் வாய் நிற்காது. வீட்டில் சொன்னார். பாஸ்டரம்மா பாடகர் குழுவில் சொன்னார். அடுத்த ஞாயிறு நான் செருப்பைக் கழற்றி வைப்பதற்குள் என் காதுக்கு வந்த கதை வேறு: பட்டனம்மாவுக்கு அந்தக் காலத்தில் ஒரு குழந்தை பிறந்ததாம், வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம், அதனால்தான் கல்யாணமே வேண்டாம் என்றாளாம்! பிள்ளைக்கு வயசு ஏழு. இவளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கணக்குப் போடக்கூடத் தெரியாத கூட்டம். சொன்னவளை அந்த இடத்திலேயே நிறுத்தி நான் கேட்ட கேள்வியைக் கோயிலுக்குள் திரும்பச் சொல்ல முடியாது. அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்லதுதான்.

ஆராதனை முடிந்து ஆபீஸ் அறையில் கூட்டம் போட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைப் பாஸ்டர் சொன்னார், எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. ஆளுக்கொரு விதமாக உடைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டுக்காரி என்றே பேச ஆரம்பித்துவிட்டோம்.

"திருத்தம் ஒண்ணு அனுப்பிடலாம்" என்றார் டீச்சரம்மா. அவருக்கு எல்லாமே பரீட்சைத்தாள்.

"எதுக்குப் பிள்ளையை நோகடிக்கணும்?" என்றார் பாஸ்டரம்மா. "வருஷா வருஷம் பட்டனம்மா ஒரு கோட்டு தைச்சு, அம்மான்னே எழுதட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பட்டனம்மா மேசை விளிம்பில் இருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் கடையில் கோட்டுகளுக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது.

"நான் வேற என்னடி எழுதியிருக்கணும்?"

"பேரை எழுதியிருக்கலாம்லக்கா?"

"என் பேரா? அதை யாரு கூப்பிட்டா? பேங்க்ல கூப்பிட்டாக்கூட யாரையோ கூப்பிடறாங்கன்னு உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கறவங்க தட்டிச் சொல்ல வேண்டியிருக்கு."

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினேன். நூல் அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது.

"ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பாஸ்டர் சொன்னதும் எனக்கு முதல்ல பயமா இல்ல. சந்தோஷமா இருந்துச்சுடி. உலகத்துல எங்கேயோ ஒருத்தி நான் வருவேன்னு வாசல்ல உக்காந்திருக்கா. எனக்காக யாரும் அப்படி உக்காந்ததில்ல. ராத்திரி படுத்தா அதே நெனைப்பு. இப்படியே இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணுது. பாஸ்டரம்மா சொன்னப்போ சரின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அங்க குளிர் எப்படிக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"அதான். குளிரு. கோட்டு பெட்டிக்குள்ள இருக்கு, அவ வாசல்ல இருக்கா." அவள் பல்லால் நூலை அறுத்தாள். "நானே சொல்லிடறேன். வேற யாரு சொன்னாலும் அது நம்பாது."

அடுத்த ஞாயிறு பாஸ்டரின் லேப்டாப்பை ஆபீஸ் மேசையில் வைத்தார்கள். வேண்டாதவர்களையெல்லாம் டீச்சரம்மா வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. என்னைப் போகச் சொல்லவில்லை, சொன்னாலும் போயிருக்கமாட்டேன். பட்டனம்மா தலையைப் படிய வாரி, தன் சாம்பல் நிற ஸ்வெட்டரை மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது அவள் தனக்கென்று பார்த்துப் பார்த்துப் பட்டன் வைத்துக்கொண்ட ஒரே உடுப்பு.

திரையில் பொறுப்பாளர் பெண்மணி வந்தார். பக்கத்து நாற்காலியில் கேட்டுக்காரி. ஒட்ட வெட்டிய முடி, ஒல்லியான கழுத்து. எங்களைப் பார்க்கவில்லை, பட்டனம்மாவை மட்டும் பார்த்தாள். அங்கமங்கமாகப் பார்த்தாள். தன்னுடைய மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி இவள் மூக்கைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"நான் உன் அம்மா இல்ல, கண்ணு" என்றாள் பட்டனம்மா.

பாஸ்டர் திணறினார். "கண்ணுன்னா எப்படிச் சொல்றது?"

"அதை விட்டுடுங்க. மிச்சத்தை மட்டும் சொல்லுங்க. போன தடவை மாதிரி ஆயிடப் போகுது."

பாஸ்டர் பொறுப்பாளருக்குச் சொன்னார், அவர் பிள்ளைக்குச் சொன்னார். பிள்ளை அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். அது அதே வழியில் திரும்பி வந்தது. பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப நீங்க யாரோட அம்மான்னு கேக்கறா."

பட்டனம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"யாருக்கும் இல்ல."

"எல்லாருக்கும் அம்மா மாதிரின்னு சொல்லட்டுமா?" என்றார் பாஸ்டர் மெதுவாக. "கேக்க நல்லா இருக்கும்."

"வேண்டாம் பாஸ்டர். நல்லா இருக்கும்னு எழுதினதுலதான் இவ்வளவும். நான் சொன்னதைச் சொல்லுங்க. எங்க ஊரு பக்கம் வயசான பொம்பளையைச் சும்மாவே அப்படித்தான் கூப்பிடுவாங்க, அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன், தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க."

அது போய்ச் சேர்ந்ததும் கேட்டுக்காரி நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். வெறும் நாற்காலி தெரிந்தது. அழப் போய்விட்டாள் என்று நினைத்தோம். டீச்சரம்மா கைக்குட்டையை எடுத்துவிட்டார். பட்டனம்மா மட்டும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை திரும்பி வந்தாள், கையில் பெட்டியோடு. மேசையில் வைத்து மூடியைத் திறந்து காட்டினாள். சாக்லேட் பிரிக்கவில்லை. பென்சில் சீவவில்லை. கோட்டு இங்கே நாங்கள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். பொறுப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

"அம்மா வந்ததும் போட்டுவிடச் சொல்லலாம்னு வச்சிருந்தாளாம்" என்றார் பாஸ்டர். "நீங்க அவ அம்மா இல்லேன்னா, இது தப்பா வந்த பெட்டி. யாரோடதோ அவங்களுக்கே குடுத்துடுங்கன்னு சொல்றா. ஒண்ணும் எடுக்கலையாம்."

அப்போதுதான் பட்டனம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். கடையில் யாராவது பட்டனைத் தாறுமாறாகத் தைத்துக்கொண்டு வந்தால் வரும் குரல் வந்தது.

"தப்பா ஒண்ணும் வரல. அது உனக்குத்தான். கோட்டை எடு முதல்ல."

பிள்ளை எடுத்தாள்.

"உள்பக்கம் திருப்பு. இடது ஓரம், கீழே. தடவிப் பாரு. என்ன இருக்கு?"

சின்ன விரல்கள் நீல லைனிங்மேல் ஊர்ந்தன. நின்றன. பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது. ஒரு சிவப்புப் பட்டன்.

"அது எதுக்குத் தெரியுமா? முன்னாடி இருக்கற பட்டன் அறுந்து தொலைஞ்சா, இதை எடுத்துத் தைச்சுக்க. அம்மா கூட இருந்தா இதை வைக்கவே மாட்டாங்க. அறுந்தப்போ பார்த்துக்கலாம்னு விட்டுடுவாங்க, பக்கத்துலதானே இருக்காங்க! வர முடியாதவதான் முன்னாடியே வச்சுத் தைப்பா. தைக்கும்போதே எனக்குத் தெரியும், நான் வர மாட்டேன்னு. உன் உயரத்தைக் கேட்டு உனக்குத்தான் வெட்டினேன். உனக்குன்னுதான் தைச்சேன். வர மாட்டேன், ஆனா தைச்சது நான்தான். ரெண்டும் நெஜம். அப்படியே சொல்லுங்க பாஸ்டர், ஒரு வார்த்தை விடாம."

பாஸ்டர் ஒரு வார்த்தையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் பிரசங்கத்தில்கூடக் கேட்டதில்லை.

கேட்டுக்காரி அந்தப் பட்டனைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு எழுந்து நின்று கோட்டுக்குள் ஒரு கையை விட்டாள், இன்னொரு கையை விட்டாள். கை நீளம், விரல் நுனி மட்டும் தெரிந்தது. பட்டனை மேலிருந்து போட ஆரம்பித்து பட்டன் ஓட்டை ஒன்று தப்பிப்போய்க் கோணிக்கொண்டது. பட்டனம்மாவின் கை தன்னாலேயே நீண்டு கண்ணாடித் திரையில் முட்டியது.

"கீழேருந்து போடும்மா" என்றாள்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாஸ்டர் அந்த 'ம்மா'வை மொழிபெயர்க்கவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் கழற்றிக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். நேராக வந்தது. சாக்லேட்டை அங்கேயே பிரித்து ஒரு துண்டைப் பொறுப்பாளருக்குக் கொடுத்தாள். அதன்பின் இணைப்பு விட்டு விட்டு வந்து அறுந்துபோனது.

நானும் பட்டனம்மாவும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அவள் தெரு முனையில் நின்று, "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்றாள். வீட்டைப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கேட்டுப் பக்கம் போய் உட்காருவதில்லை என்று பொறுப்பாளர் சொல்லியனுப்பினார். கோட்டைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லையாம். டீச்சரம்மா அட்டைகளுக்குப் புது விதி போட்டார்: அம்மா, அக்கா, சித்தி, மாமா எதுவும் கூடாது. அவ்வளவையும் எடுத்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கையெழுத்துப் போட ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆளாளுக்குப் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்கள். பாஸ்டரம்மா கடைசியில் ஒரு பூ வரைந்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் இல்லத்திலிருந்து உயரங்கள் வந்தன. கேட்டுக்காரி நன்றாக வளர்ந்திருந்தாள். அவளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், பாஸ்டர் கடைக்கே வந்து சொன்னார்.

"கோட்டு சின்னதாயிடுச்சாம். பட்டன் தைக்கிறவங்களே இன்னொண்ணு தைச்சு அனுப்ப முடியுமான்னு கேட்டிருக்கா."

"அதுக்கென்ன, தைச்சிடலாம்."

"இன்னும் ஒண்ணு." பாஸ்டர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "இந்தத் தடவை உள்ளே அந்தப் பட்டன் வேண்டாமாம்."

பட்டனம்மாவின் கையில் இருந்த பாட்டில் மூடி கீழே விழுந்து என் மேசை வரை உருண்டு வந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். பாஸ்டர் போனபின் கம்பியில் தொங்கிய கோட்டுகளை விலக்கினேன். எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கோட்டு தயாரானது. பச்சைத் துணி, பழுப்புப் பட்டன். பெட்டி போகவேண்டிய நாள் வந்தும் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். உள்பக்கம் இடது ஓரம் வெறுமையாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அவதான் கேட்டுட்டாளே, வைக்காம அனுப்புங்களேன்க்கா! ஒரு பட்டன். அது இல்லேன்னா வானம் இடிஞ்சா விழுந்துடும்?"

"வைக்காம அனுப்பினா நான் வர்றேன்னு அர்த்தம்டி. நான்தானே அப்படிச் சொல்லிக் குடுத்தேன். மறுபடியும் போய் கேட்டுல உக்காருவா."

"அப்ப வச்சுத் தைங்க."

"வச்சா அவ கேட்டதுக்கு நான் முடியாதுன்னு சொன்ன மாதிரி."

"முடியாதுதானே?"

"முடியாதுதான்" என்றாள்.

பாட்டிலிலிருந்து ஒரு பழுப்புப் பட்டனை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, போட்டிருந்த சாம்பல் ஸ்வெட்டரின் மேல் பட்டனை அதன் நூல் கழுத்தோடு வெட்டினாள். நூலை மெழுகில் இரண்டு தடவை இழுத்தாள். அந்தச் சாம்பல் பட்டனைப் பச்சைக் கோட்டின் உள்ளே, இடது ஓரத்தில், கீழே தைத்தாள். நிறம் துளிகூட ஒத்துப்போகவில்லை. வேறு யாராவது அப்படித் தைத்திருந்தால் கையை உடைத்திருப்பாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஸ்வெட்டர் மேலே திறந்தே கிடந்தது. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வருவாள், வேறு பட்டன் வைக்கவே இல்லை. சபையில் பார்க்கிறவர்களெல்லாம், "என்ன பட்டனம்மா, உங்க சட்டையிலேயே பட்டன் இல்ல?" என்று கேலி செய்தார்கள்.

"அது வெளிநாடு போயிருக்கு" என்பாள்.